குதிரைக்காலத்து உருளைக்கிழங்கு ஸ்பின்னர்: 13 மாத வேலை, 6 பார் கிழங்கு

போன சனிக்கிழமை, குதிரை இழுத்த காலத்துக் கிழங்கு எடுக்கும் எந்திரமான ஸ்பின்னரால் 6 பார் (மண் அணைத்த வரிசை) கிழங்கு எடுத்தோம். ஆறும் நல்லபடியாக வந்தன. நடுவில் 10 மீட்டர் அளந்து எண்ணிப் பார்த்ததில் 91 கிழங்குக்கு 4தான் வெட்டுப்பட்டிருந்தது. ஆகஸ்டில் இதே எந்திரம், இதே நிலத்தில், 10 மீட்டரில் கிடைத்த 84 கிழங்கில் 23ஐ வெட்டிப் போட்டது. இடையில் எதை மாற்றினேன், அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் எதையெல்லாம் தப்பாகச் செய்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது வட அயர்லாந்தில், டவுன் மாவட்டத்தில். ஸ்ட்ராங்ஃபோர்டு கடற்கழியின் வடமேற்கு ஓரத்தில் காம்பர் என்று ஒரு ஊர். அங்கே முதல் பருவத்தில் எடுக்கும் இளங்கிழங்குக்கு 2012ல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த அளவுக்குக் கிழங்கு மண். உணவுத் தொழிற்சாலை ஒன்றில் எந்திரப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். அதற்கு முன் கோவையில் ஆறு வருடம் லேத் பட்டறை. அதனால் பேரிங், ஷாஃப்ட், கியர் எல்லாம் கைக்குப் பழகியவை. வார்ப்பிரும்பும் விவசாயமும்தான் புதுசு. தப்பு நடந்ததெல்லாம் அந்த இரண்டில்தான்.

ஸ்பின்னரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாருக்கு அடியில் அகலமான, தட்டையான ஒரு கொழு போகும். அது மண்ணையும் கிழங்கையும் சேர்த்து நெம்பித் தூக்கும். கொழுவுக்குப் பின்னால் ஒரு சக்கரம் குறுக்குவாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் விளிம்பெல்லாம் கவைக்கோல் மாதிரி முட்கள். கொழு தூக்கிக் கொடுப்பதை அந்த முட்கள் பக்கவாட்டில் தள்ளிவிடும். மண் உதிர்ந்து கிழங்கு மேலாகப் பரவிக் கிடக்கும், ஆட்கள் குனிந்து பொறுக்க வேண்டியதுதான். எஞ்சின் கிடையாது. எந்திரத்தின் இரண்டு இரும்புச் சக்கரங்களும் தரையில் உருளும்போது அச்சு சுற்றும், அச்சிலிருந்து கியர் வழியாக முள் சக்கரம் சுற்றும். இழுக்க இரண்டு குதிரை.

1850களில் பக்கத்து ஆன்ட்ரிம் மாவட்டத்து டோக் ஊர்க்காரர் ஜான் ஹான்சன் இப்படிச் சுற்றும் முட்களுள்ள எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை பெரும்பாலும் கிரேப் என்று இங்கே சொல்லும் கவைக்கோல் மாதிரிக் கைக்கருவிகளால் கிளறித்தான் கிழங்கு எடுத்தார்கள். பிறகு இங்கிலாந்தில் இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ், ஸ்டாம்ஃபோர்டின் பிளாக்ஸ்டோன் என்று பல கம்பெனிகள் இந்த வகையைச் செய்து விற்றன. நான் வாங்கியது யார் செய்தது என்று தெரியவில்லை. பெயர்த்தகடு இருந்த இடத்தில் நான்கு ரிவெட் ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. பழைய எந்திரம் சேர்ப்பவர்கள் மூன்று பேரிடம் படத்தைக் காட்டினேன். மூன்று பேரும் மூன்று பெயர் சொன்னார்கள். ஊகத்தில் ஒரு பெயரை எழுதி ஒட்ட எனக்கு மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

வாங்கியது போன வருடம் செப்டம்பரில். ஒரு பண்ணையின் பின்கட்டில், முட்புதருக்குள் கிடந்தது. கொழுவின் பாதி மண்ணுக்குள். 140 பவுண்டு. விற்றவர் கியர்ப்பெட்டி சுற்றுகிறது என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் அசையவே இல்லை. அடுத்த முறை எந்த எந்திரம் வாங்கினாலும் பக்கத்தில் நின்று சுற்றிப் பார்த்த பிறகுதான் காசைக் கொடுப்பேன். கொண்டுவர டிரெய்லர் வாடகையும் டீசலுமாக 30 பவுண்டு.

முதலில் ஊறவைத்தேன். டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து, எல்லா நட்டுக்கும் மூட்டுக்கும் வாரம் இரண்டு முறை பிரஷால் தடவினேன், மூன்று வாரம். அப்புறம் ஸ்பேனரை எடுத்தேன். என்னிடம் இருந்ததெல்லாம் மில்லிமீட்டர் ஸ்பேனர். பழைய பிரிட்டிஷ் எந்திரங்களில் இருப்பது விட்வொர்த் என்ற அங்குலக் கணக்கு மரை. அரை அங்குல விட்வொர்த் நட்டின் முகம் 23.4 மி.மீ. இருக்கும். 23 ஸ்பேனர் நுழையாது, 24 போட்டால் ஆடும். நான் 24ஐப் போட்டு இழுத்து இரண்டு நட்டின் மூலைகளை மழுக்கிவிட்டேன். பிறகு ஒரு பழைய சாமான் சந்தையில் விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று 18 பவுண்டுக்கு வாங்கினேன். அதில் பொறித்திருக்கும் எண் நட்டின் அகலம் இல்லை, போல்ட்டின் தடிமன். இது தெரியாமல் அரை அங்குலம் என்று போட்டிருப்பதை எடுத்துப் பார்த்து, இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, தப்பாகக் கொடுத்துவிட்டார்களோ என்று கொஞ்சநேரம் நினைத்தேன். அந்த செட் வந்த நாளிலிருந்து ஒரு நட்டும் மழுங்கவில்லை. முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது.

நவம்பரில் பெரிய தப்பு ஒன்று நடந்தது. அச்சைத் தாங்கும் பேரிங் மூடி வார்ப்பிரும்பு. இரண்டு போல்ட்டையும் கழற்றியாயிற்று, மூடி வரவில்லை. தொழிற்சாலையில் இருக்கும் ஸ்டீல் பழக்கத்தில், ஒரு பக்கம் உளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி நாலு அடி அடித்தேன். நாலாவது அடியில் சத்தம் மாறியது. மணி அடித்த மாதிரி இருந்தது, தகரம் தட்டிய மாதிரி ஆகிவிட்டது. போல்ட் ஓட்டையிலிருந்து ஓரம் வரை மயிரிழை விரிசல். ஸ்டீல் வளைந்து கொடுக்கும். குளிர்ந்த வார்ப்பிரும்பு வளையாது, உடையும். நான் செய்திருக்க வேண்டியது, மூடியைச் சுற்றிலும் டார்ச்சால் நிதானமாகச் சூடேற்றி, நாலு பக்கமும் மாற்றி மாற்றி மரச்சுத்தியலால் தட்டுவது. அடுத்த பக்க மூடியை அப்படித்தான் எடுத்தேன். 20 நிமிடத்தில் கையோடு வந்துவிட்டது.

விரிந்த மூடியை ஆர்க் வெல்டிங் செய்யலாம் என்று இருந்தேன். பக்கத்துப் பண்ணைப் பெரியவர் தடுத்தார். இந்தப் பதிவில் அவர் இன்னும் சில இடங்களில் வருவார். 80 வயதைத் தாண்டியவர், சின்ன வயதில் இந்த மாதிரி எந்திரத்தின் பின்னால் கிழங்கு பொறுக்கியவர். அவர் காட்டிய பட்டறையில் விரிசலை அரத்தால் வாய்க்கால் மாதிரி திறந்து, மூடி முழுவதையும் சூடேற்றி, பித்தளைக் கம்பியால் பற்றவைத்தார்கள். முடிந்ததும் காய்ந்த சாம்பலுக்குள் புதைத்து மறுநாள் காலைதான் எடுத்தார்கள். அவசரப்பட்டு எடுத்தால் பக்கத்திலேயே புது விரிசல் விழுமாம். 60 பவுண்டு. மஞ்சள் கோடு தெரிகிறது. அதை மறைத்துப் பெயின்ட் அடிக்கவில்லை.

கியர்ப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே பழைய கிரீஸ் தார் மாதிரி இறுகிக் கிடந்தது. நடுவில் வைக்கோலும் எலிக்கூடும். மண்ணெண்ணெயில் கரைத்து எடுக்க இரண்டு நாள். பெரிய கியரில் 54 பல், பினியன் என்ற சின்ன கியரில் 14. பல் எதுவும் உடையவில்லை. ஆனால் பினியன் பல்லின் ஒரு முகம் மட்டும் தேய்ந்து கத்தி விளிம்பு மாதிரி இருந்தது. எந்திரம் முன்னால் போகும்போது மட்டும்தானே சுற்றும், எப்போதும் ஒரே முகத்தில்தான் பாரம். மறுமுகம் புதுசு போல இருந்தது. சாய்பல் கியர் என்பதால் திருப்பிப் போடவும் வழியில்லை. புது பினியன் வெட்டக் கேட்ட இடத்தில் 300 பவுண்டுக்குக் குறையாது என்றார்கள். யோசித்துவிட்டு, பினியனுக்குப் பின்னால் 2.5 மி.மீ. கனத்துக்கு ஷிம் (மெல்லிய இடைத்தகடு) கொடுத்து, பெரிய கியருக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். ஆட்டம் 4 மி.மீ. இருந்தது, 1 மி.மீ. ஆயிற்று. நீல மை தடவிச் சுற்றிப் பார்த்தால் பல்லின் நடுப்பகுதியில் தடம் விழுந்தது, அது போதும். வருடத்துக்கு ஒரு நாள் ஓடப்போகும் எந்திரத்துக்கு இது என் ஆயுசுக்கு வரும்.

முள் சக்கரத்தின் ஷாஃப்ட் ஒன்றேமுக்கால் அரைக்கால் என்று என்னவோ ஒரு பழைய அளவு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். தேயாத இடத்தில் வெர்னியர் 34.9 மி.மீ. காட்டியது, அதாவது சரியாக 1⅜ அங்குலம். ஷாஃப்டைச் சுற்றித் தாங்கும் குழாய் மாதிரியான புஷ் உட்காரும் இடத்தில் 34.1. ஷாஃப்டை உருட்டைக்குச் சீவி 34.0 ஆக்கினேன், லேத் நண்பருடையது. அந்த அளவுக்குப் பாஸ்பர் பிரான்ஸ் புஷ் இரண்டு வெளியில் கடைந்து வாங்கினேன். 85 பவுண்டு. செலவில் இதற்கு மட்டும் நான் யோசிக்கவே இல்லை. எண்ணெய் ஓட்டையில் மண் விழாமல் இருக்கக் கம்பளித்துண்டு திணித்திருந்தார்கள், பழையது மக்கிப்போய் இருந்தது. அதே மாதிரி புதுத்துண்டு வைத்தேன். பெட்டிக்குள் முதலில் 140 கியர் ஆயில் ஊற்றினேன். ஷாஃப்ட் ஓரமாக ஒழுகி மறுநாள் காலையில் தரையில்தான் இருந்தது. அந்தக் காலப் பெட்டியில் சீல் கிடையாது. கூழ் மாதிரி இருக்கும் 00 கிரீஸ் போட்டதும் ஒழுக்கு நின்றது.

ஏப்ரலில் எல்லாவற்றையும் பூட்டி, டிராக்டரில் மாட்டி, முற்றத்துச் சரளையில் இழுத்துப் பார்த்தேன். டிராக்டர் பெர்குசன் டிஇ20, பெரியவருடையது. 1946லிருந்து 1956வரை கவன்ட்ரியில் 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதை உருவாக்கிய ஹாரி பெர்குசன் இதே டவுன் மாவட்டத்துப் பண்ணை வீட்டில் 1884ல் பிறந்தவர், அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு அது சொந்தப் பிள்ளை. சாம்பல் நிறம், சின்ன உருவம், ஒரு சுற்று சுற்றியதும் பிடித்துக்கொள்ளும் எஞ்சின். பெரியவர் முதல் கியரில் மெதுவாக இழுத்தார். சக்கரம் உருண்டது. முள் சக்கரம் அசையவில்லை. முள் சக்கரத்தைக் கியரோடு சேர்க்கும் பல் கிளட்ச்சின் நெம்புகோலைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிப் போட்டேன், பெட்டியைத் திறந்து பார்த்தேன். மதியம் முழுக்கப் போயிற்று. திருப்புவதற்காக டிராக்டரைப் பின்னால் தள்ளியபோது முள் சக்கரம் அழகாகச் சுற்றியது.

பெரியவர் இறங்கி வந்து இரண்டு சக்கரத்தையும் பின்னாலிருந்து பார்த்தார். சக்கரத்தின் விளிம்பில் தரையைப் பற்றச் சாய்வான இரும்புப் பட்டைகள் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அம்புமுனை மாதிரி ஒரு வடிவம் வர வேண்டும். அம்பு தலைகீழாக இருப்பதைக் கையால் வரைந்து காட்டினார். இடது சக்கரத்தை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். சக்கரத்தின் குடத்துக்குள் ராட்செட் பல்லும் தாழ்ப்பாளும் இருக்கின்றன. முன்னால் போனால் அச்சைப் பிடித்துச் சுற்றும், பின்னால் வந்தால் டக் டக் என்று நழுவும். மாற்றி மாட்டியதால் எல்லாம் எதிர்த்திசையில். கழற்றும்போதே இடது, வலது என்று சாக்பீஸால் எழுதியிருந்தால் ஒரு மதியம் மிஞ்சியிருக்கும். இப்போது ஒவ்வொரு பாகத்திலும் உளியால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி குத்தி வைத்திருக்கிறேன்.

முட்கள் விஷயத்துக்கு வருகிறேன். முள் சக்கரத்தில் 8 கைகள், ஒவ்வொரு கையிலும் இரண்டு முள், மொத்தம் 16. என்னுடையதில் 5 இல்லை. நுனியில் லேசாக வளைந்த உருண்டைக் கம்பிகள்தானே, நாமே செய்யலாம் என்று 20 பவுண்டுக்கு 16 மி.மீ. சாதாரண இரும்புக் கம்பி வாங்கி, பழைய முள் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, நூல் போட்டு அளந்து வெட்டினேன். நூலை வளைவோடு சேர்த்து ஓட்டியதில் 15¼ அங்குலம் வந்தது. வெட்டிச் சூடுபடுத்தி வளைத்தேன். வளைவு பழையதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது, கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. இந்த இடத்தில் நான் ஓட்டையிலிருந்து நுனிக்கு நேர்கோட்டில் அளந்திருக்க வேண்டும். பழைய முள்ளில் அது 14 அங்குலம். நான் செய்த ஐந்தில் 15. அந்த ஒரு அங்குலம்தான் ஆகஸ்டு முழுவதையும் தின்றது.

கொழு பாதிக்கு மேல் தேய்ந்து முன்விளிம்பு வட்டமாகியிருந்தது. தேய்மானத்தைத் தாங்கும் 8 மி.மீ. தகடு ஒரு துண்டு, 22 பவுண்டு, விளிம்பில் வைத்துப் பற்றவைத்தேன்.

நிலம் பெரியவருடையது. மே மாதமே எனக்காக ஓரத்தில் 8 பார் ஒதுக்கி ஆரன் விக்டரி நட்டிருந்தார். ஆரன் தீவில் டொனால்ட் மெக்கெல்வி உருவாக்கி, முதல் உலகப்போர் முடிந்த 1918ல் வெளிவந்த ரகம், பெயரில் இருக்கும் வெற்றி அந்த வெற்றிதான். கத்தரிக்காய் ஊதாத் தோல், உள்ளே சுண்ணாம்பு வெள்ளை. இங்கே ட்ரில் என்று சொல்லும் பாருக்குப் பார் 30 அங்குலம், கிழங்குக்குக் கிழங்கு ஒரு அடி. பழைய எந்திரத்துக்குப் பழைய இடைவெளிதான் சரி. இப்போதைய பெரிய எந்திரங்களுக்காக 36 அங்குலத்தில் போடும் பாரில், 30 அங்குலத்துக்கு வைத்திருக்கும் டிஇ20ன் சக்கரம் பாரின் மேலேயே ஏறும்.

ஆகஸ்டு கடைசியில் பொறுமை போய், இரண்டு பாரை மட்டும் சோதித்துப் பார்ப்போம் என்று இறங்கினோம். எல்லாம் ஒரே நாளில் தப்பாயிற்று. செடி இன்னும் பச்சையாக இருந்தது. 15 மீட்டர் போவதற்குள் தண்டு முள் சக்கரத்தின் ஷாஃப்டில் கயிறு திரித்த மாதிரி சுற்றிக்கொண்டது. இறங்கிக் கத்தியால் அறுத்தேன், மறுபடி சுற்றியது. மூன்றாவது முறை அறுத்த பிறகு, மீதிப் பாரின் செடியைக் கையால் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓட்டினோம். கிழங்கு 5 மீட்டர் தள்ளிப் போய் விழுந்தது, சிலது வேலியில் மோதியது. வெட்டுப்பட்ட கிழங்கு தூரத்திலிருந்தே தெரிந்தது. கறுத்த மண்ணில் ஊதாக் கிழங்கு கண்ணில் படாது, ஆனால் வெட்டிய முகம் பளீரென்று வெள்ளையாக மின்னும். பார் முழுக்க அந்த வெள்ளை. 10 மீட்டர் அளந்து, கையால் கிளறி எண்ணினேன். 84 கிழங்கு, 23 வெட்டு, 11 மண்ணுக்குள்ளேயே புதைந்தது. நான் செய்த ஐந்து முட்களில் மூன்று கல்லில் பட்டு வளைந்திருந்தன. மற்ற 11 பழைய முட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. துருவோடும் பேரிங்கோடும் பதினோரு மாதம் போராடியிருக்கிறேன், எந்திரம் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடுகிறது, ஆனால் கிழங்கு எடுக்கத் தெரியவில்லை. மறுநாள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அளந்தேன்.

முதலில் வேகம். சக்கரத்தின் குறுக்களவு 84 செ.மீ., ஒரு சுற்றுக்கு 2.64 மீட்டர். கியர் விகிதம் 54க்கு 14, கிட்டத்தட்ட 3.86. மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் இழுத்தால் முள் சக்கரம் நிமிடத்துக்கு 97 சுற்று. 6 கி.மீ. என்றால் 146. நாங்கள் ஓட்டியது இரண்டாவது கியர், நான் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தது நினைவிருக்கிறது. குதிரை அந்த வேகத்தில் இழுக்காது. இந்த எந்திரத்தின் கியரை வெட்டியவர் மனதில் இருந்தது குதிரையின் நடை. எந்திரத்தில் ஒரு திருகைக்கூடத் தொடாமல், முதல் கியரில் எஞ்சினைத் தணித்து ஓட்டினாலே இதில் பாதி சரியாகிவிடும் என்று தோன்றியது.

அடுத்து ஆழம். ஆழ நெம்புகோலை மூன்றாவது பல்லில் வைத்திருந்தேன், கொழு பாரின் உச்சியிலிருந்து 6 அங்குலத்தில் போயிருக்கிறது. கிழங்கு கிடந்தது 4லிருந்து 7 அங்குலம் வரை. அடிக்கிழங்கை நேராகக் கொழுவே வெட்டியிருக்கிறது. இனி 8 அங்குலத்துக்கு இறக்க வேண்டும். இழுக்கப் பாரம் கூடும், ஆனால் மண் மெத்தை மாதிரி கிழங்கைச் சுமந்துகொண்டு வரும்.

கடைசியாக முள். பழைய முட்களின் நுனி கொழுவின் பின்விளிம்பிலிருந்து 4 செ.மீ. தள்ளிக் கடந்தது. நான் செய்தவை ஒன்றரை செ.மீட்டரில் கடந்தன. கொழுவைவிட்டு இன்னும் இறங்காத கிழங்கை அந்த ஐந்தும் கொழு விளிம்போடு வைத்து நறுக்கியிருக்கின்றன. ஒரு கிழங்கின் குறுக்களவு 5, 6 செ.மீ. இருக்கும்போது அந்தச் சந்தில் அது எப்படித் தப்பும்?

முட்களை இந்த முறை நானே செய்யவில்லை. பழைய முள் ஒன்றின் வடிவத்தை ஒட்டுப்பலகையில் வரைந்து வெட்டி அச்சாக எடுத்துக்கொண்டு ஒரு கொல்லரிடம் போனேன். ஸ்பிரிங் ஸ்டீலில், ஒன்று 15 பவுண்டு, ஐந்துக்கு 75. பலகை அச்சில் வைத்துப் பார்த்தால் நூலிழை வித்தியாசம் இல்லை.

செப்டம்பர் மூன்றாவது வாரம் மீதி 6 பாரின் செடியையும் அடியோடு அறுத்துவிட்டோம். தண்டு காய்ந்து போவதற்கு மட்டுமில்லை. செடி செத்த பிறகு இரண்டு மூன்று வாரம் மண்ணுக்குள்ளேயே விட்டால்தான் கிழங்கின் தோல் கெட்டிப்படும். ஆகஸ்டில் எடுத்ததில் கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரிந்தது. அப்படிப்பட்டதை எந்த எந்திரத்தில் எடுத்தாலும் காயம்படும்.

செடி அறுத்த அன்றே, பார் ஓரத்துக் காலி நிலத்தில் கொழுவை மட்டும் 20 மீட்டர் ஓட்டிப் பார்த்தேன். நல்லவேளை, பார்த்தேன். நான் வெல்டிங் செய்த பட்டைமேல் ஈரமண் அப்பிக்கொண்டு, கொழு தகடாக இல்லாமல் மண்கட்டியாகப் போயிற்று. துருப்பிடித்த, மேடுபள்ளமான இரும்பில் மண் வழுக்காது. கலப்பை ஓட்டுபவர்களுக்கு இது பாலபாடம், எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெல்டிங் தழும்பைக் கிரைண்டரால் இழைத்து, அப்புறம் மெல்லிய தாள் வட்டு போட்டு, முகம் தெரியும்வரை பளபளப்பாக்கினேன். நான்கு மணி நேர வேலை. ஓட்டும் நாள்வரை துருப்பிடிக்காமல் கிரீஸ் பூசி, சாக்கைச் சுற்றி வைத்தேன்.

சனிக்கிழமை காலை 10 மணிக்கு மண் கையில் பிடித்தால் உதிரும் பதத்தில் இருந்தது. பழைய எந்திரம் சேர்க்கும் நண்பர்கள் நால்வர், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், நாங்கள். இங்கே ஒருகாலத்தில் அக்டோபரில் கிழங்கு பொறுக்கவே பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். பெரியவர் அப்போது செய்த மாதிரியே பாரை எட்டு வைத்து அளந்து, குச்சி நட்டு, ஆளுக்கு ஒரு பங்கு பிரித்துக் கொடுத்தார். ஸ்பின்னர் கிழங்கைப் பக்கத்தில் பரப்பிவிடுவதால், அடுத்த பாருக்கு டிராக்டர் வருவதற்குள் பரவிக் கிடப்பதைப் பொறுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் சக்கரம் ஏறி நசுக்கும். எந்திரம் திரும்பி வரும் நேரத்துக்குள் உன் பங்கை முடிக்க வேண்டும் என்பதுதான் அந்தக்கால வேலையின் அவசரம் முழுவதும். அவருக்கு ஒன்பது வயதில் முதுகு நிமிர்த்த நேரம் கிடைக்காது என்றார். நாங்கள் ஒவ்வொரு பாருக்கும் டிராக்டரை நிறுத்திக் காத்திருந்தோம். முள் சக்கரத்துக்கு மூடி எதுவும் கிடையாது. ஆகவே, எந்திரம் நின்று நெம்புகோலைக் கழற்றி நான் கை காட்டிய பிறகுதான் பிள்ளைகள் பாருக்குள் இறங்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தேன்.

முதல் கியர், தணிந்த எஞ்சின், நடைவேகம். கொழு இறங்கியதும் பார் ஒரு அலை மாதிரி மேலே எழுந்து வந்தது. முட்கள் அதற்குள் புகுந்து போர்வையை விலக்குவது மாதிரி மண்ணை ஒருபுறம் தள்ளின. ஊதாக் கிழங்குகள் ஒன்றரை மீட்டருக்குள் விழுந்து உருண்டு நின்றன. வீசுகிற பக்கம் ஒரு கனமான சாக்குப் படுதா தொங்கவிட்டிருந்தேன். அதில் மோதித் தொப்பென்று விழும் சத்தம் மட்டும் கேட்டது. பாரின் கடைசி வரை திரும்பிப் பார்த்தேன், வெள்ளை முகம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தது. 10 மீட்டர் எண்ணியதில் 91 கிழங்கு, 4 வெட்டு, மண்ணில் புதைந்தது 6. பெரியவர் அந்த ஆறையும் கிரேபால் கிளறி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்திலும் இவ்வளவு போகும் என்றார். நான்காவது பாரில் ஒரு பெரிய கல் அகப்பட்டது. எந்திரம் ஒருமுறை எம்பி, கல்லைப் பக்கத்தில் எறிந்துவிட்டு மேலே போயிற்று. புது முட்கள் வளையவில்லை. பிற்காலத்தில் வந்த, ஓடும் கம்பிச் சங்கிலியில் மண்ணைச் சலிக்கும் எந்திரங்களில் இந்த மாதிரிக் கல் மாட்டினால் நின்று எடுக்க வேண்டும். கல் நிறைந்த சின்னப் பண்ணைகளில் ஸ்பின்னர் அவ்வளவு காலம் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

வெட்டுப்பட்டதை மட்டும் தனியாகக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனோம், அது சேமிப்பில் தாங்காது. ஆரன் விக்டரி வேகவைத்தால் மாவாக உடையும் ரகம். மனைவி அதில் பொடிமாஸ் செய்து, பொறுக்க வந்த எல்லோருக்கும் தட்டில் போட்டுக் கொடுத்தாள். கடுகும் கறிவேப்பிலையும் போட்ட ஆரன் விக்டரியைப் பெரியவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

செலவுக் கணக்கு: எந்திரம் 140, கொண்டுவர 30, ஸ்பேனர் 18, மூடியைப் பற்றவைக்க 60, புஷ் 85, கொழுத்தகடு 22, வீணான கம்பி 20, புது முட்கள் 75, ஷிம், போல்ட், எண்ணெய், கிரீஸ் எல்லாம் சேர்த்து 37, ஆளிவிதை எண்ணெய் 14. மொத்தம் 501 பவுண்டு. என் கைவேலை நேரத்தை எழுதி வைக்கவில்லை.

ஆளிவிதை எண்ணெய் பெயின்டுக்குப் பதிலாக. சட்டத்தின் உட்பக்கத்தில் பழைய நீல நிறம் திட்டுத்திட்டாக மிஞ்சியிருக்கிறது. மண்ணை மட்டும் கழுவி, எண்ணெயைத் துணியால் தேய்த்துவிட்டேன். புதுசாக மின்னும் பெயின்ட் அடித்துக் கண்காட்சியில் நிறுத்தும் நண்பர்களும் உண்டு, அவர்கள் வேலை நேர்த்தியானது. எனக்கு அந்த நீலத்தை மூட மனமில்லை. அதேபோலக் குதிரை பூட்டும் ஏர்க்காலை யாரோ ஒரு விவசாயி அறுத்துவிட்டு டிராக்டர் கொக்கி பற்றவைத்திருக்கிறார். வெல்டிங் கரடுமுரடாக இருக்கிறது. அதை எடுத்துவிட்டு மறுபடி மரக்கால் போடச் சொன்னார்கள், மாட்டேன். குதிரை போய் டிராக்டர் வந்த வருடத்தில் ஒருவர் தன் முற்றத்தில் செய்த வேலை அது.

இந்தக் குளிர்காலத்துக்கு இரண்டு வேலை பாக்கி. ஆறாவது பார் முடிந்ததும் ஷாஃப்டின் பின் புஷ்ஷைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடிந்தது, ஆனால் முன் புஷ்ஷைவிடச் சூடு. கம்பளித்துண்டை அளவுக்குமேல் திணித்து எண்ணெயை அடைத்திருக்கிறேன் என்று நினைக்கிறேன், திறந்து பார்க்க வேண்டும். சாக்குப் படுதாவின் கீழ் ஓரமும் கிழிந்துவிட்டது. அதற்குப் பதிலாக மீன்வலை கட்டினால் மண் வழியாகப் போய்விடும், கிழங்கு மட்டும் நிற்கும் என்று பெரியவர் சொல்கிறார். கடற்கழிக் கரையில் பழைய வலை கிடைக்கும். கண்ணி 4 செ.மீட்டருக்குள் இருக்கிறதா என்று அளந்து பார்த்து வாங்கப் போகிறேன்.